ரத்தத்தில் நின்ற சாயம்

என் கல்லீரல் வேலை செய்கிறதா இல்லையா என்பது ஒரு காலத்தில் போடியில் இரண்டு தெருவுக்குப் பேச்சாக இருந்தது. எனக்கு அப்போது இருபது வயது நிறையவில்லை. கல்யாணமாகி இரண்டாவது வருஷம். அந்த வயதுப் பெண்ணின் சமையலைப் பற்றிப் பேசுவார்கள், நடையைப் பற்றிப் பேசுவார்கள், இன்னும் ஏன் உண்டாகவில்லை என்று பேசுவார்கள். என் விஷயத்தில் ஈரலைப் பற்றிப் பேசினார்கள். குழாயடியில் என்னைப் பார்த்தவர்கள் முகத்தைப் பார்ப்பதில்லை, நேரே கண்ணின் வெள்ளையைத்தான் பார்ப்பார்கள். எனக்கு எரிச்சலாக வரும். இப்போதும் யாராவது என் கண்ணைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது.

நான் பிறந்தது சிலமலையில். அப்பாவுக்குக் கொஞ்சம் மானாவாரி நிலம், ஒரு கிணறு. சோளம், கடலை, கிணறு கைகொடுத்தால் வெங்காயம். என்னைப் போடிக்கு அனுப்பி எஸ்.எஸ்.எல்.சி. வரை படிக்கவைத்ததை அவருடைய கிறுக்குத்தனங்களில் ஒன்றாக ஊரில் சொல்வார்கள். வாக்கப்பட்டதும் போடியிலேயே. மாமனார் இல்லை. அத்தையும் அவருடைய ஒரே மகனும்தான் வீடு. மேலே மலைச்சரிவில் அவர்களுக்கு ஏலத்தோட்டம் இருந்தது. பெரிய எஸ்டேட் என்று சொல்ல முடியாது. ஆனால் ஏலக்காயை அதுவரை பாயசத்தில் மட்டுமே பார்த்திருந்த எனக்கு அது பெரிதாகத்தான் தெரிந்தது.

காய் எடுக்கும் மாதங்களில் வீடே மலைக்குப் போய்விடும். பறித்த காயைக் கழுவி, ஸ்டோர் என்று சொல்லும் இருட்டுக் கூடத்தில் தட்டுத் தட்டாகப் பரப்பி, அடியில் விறகுத் தீ போட்டு அதன் சூட்டிலேயே உலர்த்துவார்கள். வெயில் பட்டால் காய் வெளுத்துவிடும், தீ கூடினாலும் நிறம் போய்விடும். பச்சை குறையாமல் காய் இறங்கினால்தான் போடி ஏலத்தில் மரியாதை. அந்தப் பச்சையைக் காப்பாற்றுவதுதான் அத்தையின் உயிர்மூச்சு. தட்டில் ஒரு காய் மஞ்சளடித்திருந்தால் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவார். ஆள் நல்லவர்தான். ஆனால் எதையும் நிறம் பார்த்துத் தரம் பிரிக்கிற கண் அவருக்கு.

அந்த வருஷம் மலையில் எனக்குச் சோறு பிடிக்காமல் போனது. ஸ்டோர்ப் புகை பட்டாலே குமட்டியது. ஓடைத் தண்ணீரைக் காய்ச்சாமல் குடித்த எல்லோருக்கும் வயிறு ஏதாவது செய்யும் என்பதால் யாரும் பொருட்படுத்தவில்லை. அத்தை மட்டும் வேறு மாதிரி நினைத்துக்கொண்டு இரண்டு நாள் என்னை வேலை செய்ய விடவில்லை. மாங்காய் கேட்கிறதா, சாம்பல் தின்னத் தோன்றுகிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்கும் அந்த நினைப்புத்தான். அந்த இரண்டு நாள் நான் அந்த வீட்டில் ராணி.

மூன்றாம் நாள் காலையில் காய் எடுக்கும் பெண்களில் ஒருத்தி என்னை உற்றுப் பார்த்தாள். எல்லையோரத்துக்காரி, பாதி மலையாளம் பேசுவாள். "மஞ்ஞப்பித்தமாக்கும்" என்று அவள் சொன்னது அத்தை காதில் விழுந்துவிட்டது.

"ஏ புள்ள, இங்கிட்டு வா. வெளிச்சத்துக்கு வா" என்று என்னை வாசலுக்கு இழுத்துப் போய்க் கீழ் இமையை விரலால் இறக்கிப் பார்த்தார். "ஆத்தாடி! மஞ்சக் காமாலையில்ல இது!"

அடுத்து அவர் செய்த காரியம், என்னைத் திருப்பி ஸ்டோருக்கு முதுகு காட்டி நிற்க வைத்தது. மஞ்சக் கண் விழுந்தால் காய் மஞ்சளடித்துவிடும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த உண்மை. நான் அந்த ஸ்டோருக்குள் நாள் கணக்காகக் காய் கிளறியிருக்கிறேன், ஒரு காயும் வெளுக்கவில்லை. அதைச் சொன்னேன். "இதுவரைக்கும் தெரியாமப் பாத்த. இனிமே தெரிஞ்சு பாப்ப" என்றார். 

அன்றைக்கே ஜீப்பில் இறக்கிவிட்டார்கள். ஜீப்பில் காய் லோடும் இருந்தது. மூட்டைகளுக்கும் எனக்கும் நடுவில் ஒரு தார்ப்பாயைத் திரைபோலக் கட்டினார்கள். கட்டியது என் வீட்டுக்காரர். கட்டும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. கொண்டையூசி வளைவுகளில் நான் வாந்தியெடுத்துக்கொண்டே இறங்கினேன். தார்ப்பாய் அவிழாமல் இருக்கிறதா என்று அவர் இரண்டு தடவை வண்டியை நிறுத்திப் பார்த்தார்.

போடி வீட்டில் பின்கட்டு அறை எனக்கு ஒதுக்கப்பட்டது. அத்தையும் காய் எடுப்பை மகனிடம் விட்டுவிட்டு என்னோடு இறங்கிவந்தார். காலையில் கீழாநெல்லி அரைத்து மோரில் கலக்கிக் கொடுப்பார். அதில் குற்றம் சொல்லமாட்டேன். அதற்குப் பிறகு வருவதுதான் பத்தியம். உப்பு கிடையாது, புளி கிடையாது, எண்ணெய் கிடையாது. கறியும் மீனும் கருவாடும் நினைக்கவே கூடாது. இதற்கு மேல் அத்தையின் சொந்தச் சட்டம் ஒன்று: மஞ்சளாக இருக்கிற எதுவும் உடம்புக்குள் போகக் கூடாது. மஞ்சள்தூள் போச்சு. துவரம்பருப்பு போச்சு. பூசணி, வாழைப்பழம் போச்சு. முட்டையை உடைத்தால் உள்ளே மஞ்சள்தானே, அதுவும் போச்சு. மிச்சம் இருந்தது நீர்த்த அரிசிக் கஞ்சி. அதை வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றி, வெள்ளையாகத்தான் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுப்பார்.

சில வாரங்களில் கண் வெளுத்துவிட்டது. சிறுநீரும் தெளிந்துவிட்டது. பசி திரும்பிவந்தது, அது வந்த விதம்தான் கொடுமை. பக்கத்து வீட்டில் கருவாடு வறுத்தால் நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். பத்தியத்தை விடலாமா என்று கேட்டபோது அத்தை தலையை ஆட்டினார்.

"வெளிய தெரியிற மஞ்சதான் போயிருக்கு. உள்ள ஈரல்ல ஒட்டிக்கிட்டு கெடக்கும். அவசரப்பட்டு வாயத் தெறந்தவ எவளும் பொழச்சதில்ல."

ஆகவே பத்தியம் தொடர்ந்தது, மாதக்கணக்கில். மலையில் காய் எடுப்பு முடிந்து, தைப் பொங்கலும் போனது. பொங்கலன்று வீட்டில் சர்க்கரைப் பொங்கல் வைத்தார்கள். எனக்கு வெறும் சோறு. கையில் வளையல் நிற்கவில்லை. சீப்பில் கொத்துக் கொத்தாய் முடி வந்தது. என் வீட்டுக்காரர் மலையிலிருந்து வரும்போதெல்லாம் அறைவாசலில் நின்று "தேவலாமா?" என்று கேட்பார். "பசிக்குதுங்க" என்பேன். "ஆத்தா சொல்றதக் கேளு" என்பார். எங்களுக்குள் அந்த நாட்களில் நடந்த பேச்சு மொத்தமும் இந்த மூன்று வரிதான். ஒரே ஒரு தடவை மடியில் ஒரு கடலை மிட்டாயை ஒளித்துக் கொண்டுவந்திருந்தால் அந்த மனிதரை நான் என்றைக்கோ மன்னித்திருப்பேன்.

மாசி பிறந்ததும் அத்தையின் தம்பி வந்தார். அவருக்குக் கல்யாண வயதில் ஒரு மகள் இருந்தாள். என் கல்யாணத்துக்கு முன்பே அவளை என் வீட்டுக்காரருக்குக் கட்டுகிற பேச்சு இருந்து, ஏதோ மனஸ்தாபத்தில் விட்டுப்போனது. கூடத்தில் உட்கார்ந்து எனக்குக் கேட்கவேண்டும் என்றே பேசினார்.

"ஏக்கா, ஈரல் கெட்ட பொம்பளைக்குப் புள்ள தங்காதுன்னு சொல்றாக. மாப்ளைக்கும் வயசாகுது. எத்தன நாளைக்கு இப்படிக் கஞ்சியக் காச்சி ஊத்திக்கிட்டு இருப்ப?"

அத்தை விட்டுக்கொடுக்கவில்லை. அதை நான் சொல்லியாகவேண்டும். "ஈரல் கெட்டுருச்சுன்னு ஒனக்கு யாரு சொன்னா? மருதையில பெரிய டாக்டரு இருக்காரு. அவரு பாத்துச் சொல்லட்டும். நல்லாருக்குன்னு அவரு சொல்லிட்டா நீயி அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது."

"கெட்டுருச்சுன்னு சொல்லிட்டா?"

அத்தை முந்தானையை இழுத்துச் செருகினார். "சொல்லிட்டா, நீ சொன்னபடி செய்வோம்" என்றார்.

இப்படித்தான் என் வாழ்க்கை ஒரு ரத்தப் பரிசோதனையின் கையில் போனது. என்னைக் கேட்டு யாரும் முடிவு செய்யவில்லை, ஆனால் எனக்கு அப்போது சந்தோஷம்தான். கண் வெளுத்துவிட்டது, உடம்பில் பசியைத் தவிர வேறு நோவு இல்லை. டாக்டர் என்ன குறை கண்டுபிடித்துவிடப் போகிறார்?

போடியில் எங்களுக்கு வழக்கமாகப் பார்க்கும் டாக்டர்தான் மதுரைக்கு ஏற்பாடு செய்து கொடுத்தார். ஒரு சாயத்தை ஊசியில் ஏற்றுவார்கள், ஈரல் அதை எவ்வளவு வேகமாக எடுத்துப் பித்தத்தில் தள்ளுகிறது என்று பார்ப்பார்கள் என்று சொன்னார். கிளம்பும்போது அத்தையிடம், "வெறும் வயித்தோட கூட்டிப் போகணும்மா" என்றார்.

அவர் நினைத்தது ஒரு ராத்திரிப் பட்டினி. ஆனால் அத்தைக்கு வெறும் வயிறு என்பது அவ்வளவு சின்ன விஷயம் இல்லை. அம்மனுக்குக் காப்புக் கட்டுகிறவர் அவர். தீச்சட்டி எடுக்கிற உடம்பு எத்தனை நாள் காய்ந்திருக்கவேண்டும் என்று அவருக்குத் தெரியும். முதல் நாள் ராத்திரிவரை தின்றுவிட்டுக் காலையில் மட்டும் சும்மா போய் நிற்பதை அவர் ஏமாற்றுவேலையாகத்தான் பார்த்தார். "கோயிலுக்கே அம்புட்டுச் சுத்தம் பாக்கறோம். ஈரலப் பாக்கப் போற டாக்டருக்கு முன்னால அரைகுறையாப் போயி நிக்கலாமா?" என்றார். செவ்வாய்க்கிழமை காலையில் என் கையில் மஞ்சள் இல்லாத வெள்ளை நூலால் காப்புக் கட்டினார். மதுரைக்குப் போக வேண்டியது அடுத்த திங்கள். அதுவரை எனக்கு இளநீர், வெந்நீர், சாயங்காலம் ஒரு தம்ளர் வடிகஞ்சி.

இந்த இடத்தில்தான் எனக்கு இன்றுவரை வயிறு எரிகிறது. அந்த ஒரு வாரமும் அத்தையும் சாப்பிடவில்லை. தன் கையிலும் காப்புக் கட்டிக்கொண்டார். நான் குடித்ததைத்தான் அவரும் குடித்தார். நெஞ்சடைக்கிறது என்று நான் படுத்தபோது என் பக்கத்தில் தரையில் படுத்துக்கொண்டு, "பல்லக் கடிச்சுக்க ஆத்தா. இதுல ஜெயிச்சுட்டா எந்தம்பி வாயி அடைஞ்சு போகும்" என்று என் தலையைத் தடவிக்கொடுத்தார். அவர் என்னைத் தள்ளிவைக்க நினைத்துப் பட்டினி போட்டிருந்தால் வெறுத்துத் தொலைத்துவிட்டு நான் பாட்டுக்கு இருந்திருப்பேன். என்னை அந்த வீட்டில் வைத்துக்கொள்ளத்தான் அந்தப் பட்டினியைப் போட்டார். இப்படி ஒருத்தரை எப்படித் திட்டுவது? எத்தனையோ வருஷமாக முயன்று பார்க்கிறேன், பாதித் திட்டு வாய்க்குள்ளேயே நின்றுவிடுகிறது.

மதுரையில் டாக்டர் மரியாதையான மனிதர். என்னை மேசையில் படுக்கவைத்து இடது கை நரம்பில் மெதுவாக ஊசி ஏற்றினார். முக்கால் மணி நேரம் கழித்து மற்றக் கையிலிருந்து ரத்தம் எடுத்தார். ஊசி போடுவதற்கு முன்னால் அத்தையைப் பார்த்து, "வெறும் வயிறுதானே?" என்று கேட்டார்.

"ஆமாங்கய்யா. சுத்தமா வெறும் வயிறு" என்றார் அத்தை. அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த பெருமையை நான் மறக்கவில்லை. எத்தனை நாள் வெறும் வயிறு என்று டாக்டர் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று அவருக்கு எப்படித் தோன்றும்?

ரத்தம் தெளிய வைத்து, மேலே நின்ற மஞ்சள் நீரைத் தனிக் குழாயில் எடுத்தார்கள். அதில் ஏதோ சொட்டு விட்டதும் குழாய் ஊதா நிறமானது. கத்தரிப்பூ மாதிரி அழகான நிறம். எனக்கு என்னவென்று தெரியாமல் சிரித்துக்கொண்டு பார்த்தேன். டாக்டர் சிரிக்கவில்லை.

"ஈரல் நன்றாக இருந்தால் இந்நேரம் சாயம் ரத்தத்தை விட்டுப் பித்தத்துக்குள் போயிருக்கவேண்டும். இங்கே நிறைய தங்கியிருக்கிறது. ஈரல் இன்னும் தேறவில்லை. ஓய்வு கொடுங்கள். மூன்று மாதம் கழித்து இன்னொரு தடவை பார்க்கலாம்" என்றார்.

அத்தை அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டரின் வார்த்தைகளில் எத்தனை அவர் காதில் ஏறியதோ தெரியாது. ஆனால் நிறம் பார்த்து முடிவு கட்டுகிறவர் அவர். நிறத்தைப் பார்த்துவிட்டார்.

ரயிலில் திரும்பினோம். உசிலம்பட்டி தாண்டியதும் அத்தை என் கையைப் பிடித்து அந்த வெள்ளை நூலை அவிழ்த்தார். "இம்புட்டுச் சுத்தமாப் போயும் நிக்குதுன்னா, அது நம்ம கையில இல்ல ஆத்தா" என்று அழுதார். அரைகுறை விரதத்தோடு போயிருந்தால் அதைச் சாக்காகச் சொல்லி இன்னொரு தடவை என்று வாதாடியிருப்பார். குறையே இல்லாமல் இருந்துவிட்டதால் தீர்ப்பை ஒப்புக்கொண்டார்.

இப்போது நான் நடுவில் ஒன்று சொல்லவேண்டும். பிற்பாடு நான் மதுரையிலேயே ஓர் ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அப்பா படிக்கவைத்த எஸ்.எஸ்.எல்.சி. அதற்குத்தான் உதவியது. அதே சாயத்தை எத்தனையோ பேருடைய ரத்தத்தில் நானே பார்த்திருக்கிறேன். சில வருஷம் கழித்து, மாணவர்களுக்கு ஒரு பேராசிரியர் கல்லீரலைப் பற்றிப் பாடம் நடத்தினார். குழாய்களை எடுத்துவைக்கப் போன நான் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். கல்லீரலுக்குள் குளூட்டாதயோன் என்று ஒரு பொருள் இருக்கிறது. உடம்புக்குள் வருகிற பல வேண்டாத பொருட்களை அதுதான் பற்றிக்கொள்கிறது. அந்தச் சாயம் ஈரலுக்குள் நுழைந்ததும் குளூட்டாதயோன் அதோடு சேரும். சேர்ந்த சாயம் வேகமாகப் பித்தத்துக்குள் போகும். சேர ஆள் இல்லாத சாயம் மெதுவாகத்தான் கசியும், மிச்சம் ரத்தத்திலேயே சுற்றும். இந்தக் குளூட்டாதயோன் கையிருப்பு பெரிய அளவில் இருப்பதில்லை, அன்றாடம் செய்து அன்றாடம் செலவழிவது. அதைச் செய்யக் கந்தகம் கலந்த ஒருவகைப் புரதச் சத்து வேண்டும். அது முட்டையில் இருக்கிறது, மீனில் இருக்கிறது, கறியில் இருக்கிறது. எலியைப் பட்டினி போட்டால் ஈரலில் குளூட்டாதயோன் மளமளவென்று இறங்கிவிடும், சாயம் பித்தத்தில் இறங்குவதும் மந்தமாகிவிடும், மறுபடி தீனி போட்டால் ஏறிவிடும் என்றார்.

யாரோ ஒரு மாணவர், "அப்படியானால் கண்ணில் மஞ்சள் இல்லாமலே சாயம் மட்டும் தங்குமா?" என்று கேட்டார். தங்கலாம் என்றார். மஞ்சளை வெளியேற்ற ஈரல் வேறொரு பொருளைப் பயன்படுத்துகிறதாம். அது ஒரு வழி, இது ஒரு வழி.

கையில் குழாய்களோடு நின்றிருந்தேன். ஒன்றையும் கீழே போடவில்லை. போட்டிருந்தால் சம்பளத்தில் பிடித்திருப்பார்கள்.

என் ஈரலை யாரும் திறந்து பார்க்கவில்லை. காமாலையின் மிச்சமும் சேர்ந்திருக்கலாம், இரண்டும் சேர்ந்திருக்கலாம். எலிக்கு நடந்ததெல்லாம் எனக்கும் நடந்தது என்று அடித்துச் சொல்ல நான் டாக்டர் இல்லை. ஆனால் அதற்கப்புறம் அந்த ஊதா நிறத்தை எங்கே பார்த்தாலும் எனக்குள் ஒரு குரல், "போடி வீட்டுக் கஞ்சி" என்றே சொல்லும்.

மதுரையிலிருந்து வந்த வாரமே என்னைச் சிலமலைக்கு அனுப்பினார்கள். "உடம்பு தேறி வரட்டும்" என்றுதான் சொன்னார்கள். என் பெட்டியை முழுதாகக் கட்டிக் கொடுத்ததிலிருந்து எனக்குப் புரிந்துவிட்டது. அப்பாவுக்குப் புரியவில்லை, அல்லது புரியாத மாதிரி இருந்தார். என்னைப் பார்த்ததும் அம்மாதான் தலையில் அடித்துக்கொண்டாள்.

"புள்ளையக் குடுத்தா எலும்பத் திருப்பி அனுப்பிருக்காகளே!"

சிலமலை வீட்டில் பத்தியம் பார்க்க வசதி கிடையாது. காட்டுச் சோலிக்குப் போகிறவர்கள் எது இருக்கிறதோ அதைத் தின்பார்கள். பத்தியத்துக்கென்று தனி உலை வைக்க அம்மாவுக்கு நேரமில்லை, நம்பிக்கையும் இல்லை. "ஈரலு பசிச்சுக் கெடக்கு, அதுக்குச் சோத்தப் போடு" என்று ஒரே வரியில் வைத்தியத்தை முடித்துவிட்டாள். அவளுக்குக் குளூட்டாதயோனும் தெரியாது ஒன்றும் தெரியாது, மெலிந்த பிள்ளைக்குச் சோறு போடத் தெரிந்தது, அவ்வளவுதான். முதல் வேளையிலேயே கருவாட்டுக் குழம்பு. நான் தின்றதைப் பார்த்துவிட்டு அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். கோழி இட்ட முட்டை ஒன்றுகூட அந்தக் கோடையில் சந்தைக்குப் போகவில்லை. மொச்சை, கேப்பைக் களி, ஞாயிற்றுக்கிழமை குடல் குழம்பு. வளையல் மறுபடி கையில் நின்றது.

போடியிலிருந்து யாரும் வந்து பார்க்கவில்லை. என் வீட்டுக்காரருக்கு மலையில் களையெடுப்பு என்று சொல்லியனுப்பினார்கள். நான் டாக்டர் சொன்ன மூன்று மாதத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். அந்தக் குழாய் நிறம் மாறாமல் இருந்துவிட்டால் போதும், அத்தை தன் வார்த்தையைக் காப்பாற்றுவார் என்று நம்பினேன். அவர் வார்த்தை தவறாதவர். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கெடு முடிந்ததும் அப்பா என்னை மதுரைக்குக் கூட்டிப்போனார். முந்தின ராத்திரி சோறும் முட்டைக் குழம்பும் தின்றுவிட்டு, காலையில் மட்டும் ஒன்றும் தின்னாமல் போனேன். அதே மேசை, அதே ஊசி. குழாயில் சொட்டு விட்டார்கள். நிறம் வந்ததா வரவில்லையா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கவேண்டியிருந்தது. சும்மா ஒரு சாயல்.

"அருமை! நல்ல ஓய்வு எடுத்திருக்கிறாய்" என்றார் டாக்டர்.

ஓய்வாம்! நான் கடலைக் காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்தேன். ஆனால் அந்த மனிதரோடு சண்டை போடுகிற மனநிலையில் நான் இல்லை. அப்பா டாக்டரின் காலைத் தொடக் குனிந்தார், அவர் தடுத்துவிட்டார். அப்பா ரயில் வரும்வரை காத்திருக்க மாட்டேன் என்று பஸ்சில் ஏற்றினார். "வெரசாப் போயிச் சொல்லிருவோம் தாயி. இன்னைக்கே சொல்லிருவோம்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். போடி பஸ் ஸ்டாண்டில் இறங்கி மல்லிகைப்பூ வாங்கி என்னிடம் கொடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னார்.

வீட்டு வாசலில் அத்தைதான் நின்றார். நான் படியேறும்போதே சொன்னேன்: "அத்தே, சாயம் நிக்கல. ஈரல் நல்லாருக்குன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

அத்தை என் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பிக் கண்ணைப் பார்த்தார். கன்னத்தைப் பார்த்தார், வளையல் நிற்கிற கையைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்துவிட்டது. அது நடிப்பில்லை. "எனக்குத் தெரியும். நாங் கும்பிட்ட ஆத்தா கைவிடமாட்டா" என்று என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். அதே மூச்சில் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"போன மாசமே வந்துருக்கக் கூடாதாடி?"

உள்ளே கூடத்தில் ஒரு பெண் எழுந்து நின்றாள். கழுத்தில் புது மஞ்சள் கயிறு. அத்தையின் தம்பி மகள். அவளை நான் கல்யாண வீடுகளில் பார்த்திருக்கிறேன், நல்ல பெண். என்னைப் பார்த்ததும் எங்கே நிற்பது என்று தெரியாமல் தூணுக்குப் பின்னால் போனாள்.

ஒருத்தி இருக்க இன்னொருத்தியைக் கட்டக் கூடாது என்று சட்டம் இருக்கிறது என்று அப்பா சத்தம் போட்டார். மலைக் கோயிலில் வைத்துத் தாலி கட்டியிருக்கிறார்கள், சட்டம் அவ்வளவு தூரம் ஏறிவருவதில்லை. என் வீட்டுக்காரர் மேலே தோட்டத்தில் இருந்தார். வீட்டில் இருந்திருந்தாலும் என்ன சொல்லியிருப்பார்? தேவலாமா என்று கேட்டிருப்பார்.

அப்பா துண்டை உதறிக்கொண்டு "வா தாயி, போவோம்" என்றார். அத்தை என் கையை விடவில்லை.

"தூரத்துலருந்து வந்த புள்ள. ஒருவாய் சாப்பிட்டுப் போகட்டும்."

அப்பா உள்ளே வரமாட்டேன் என்று தெருவிலேயே நின்றுவிட்டார். நான் உட்கார்ந்தேன். ஏன் உட்கார்ந்தேன் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். காலையிலிருந்து சாப்பிடவில்லை, பசித்தது. அத்தை நுனி இலையாகப் பார்த்துப் போட்டார். சோறு, நெய் ஊற்றிய பருப்பு, மஞ்சளும் எண்ணெயும் மிதக்கிற முட்டைக் குழம்பு, கருவாட்டு வறுவல், ஒரு வாழைப்பழம். இலை ஓரத்தில் உப்பு வைத்தார். "கூச்சப்படாம சாப்பிடு ஆத்தா" என்று பக்கத்தில் உட்கார்ந்து விசிறினார்.

விருந்தாளிக்கு அந்த வீட்டில் பத்தியம் கிடையாது. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே இலையில் இருந்தது அத்தனையும் தின்றேன்.